மடங்காத கையும் வளர்த்த கையும்

விளவங்கோடு தாலுகாவில், மார்த்தாண்டத்துக்குச் சற்றுத் தொலைவில், ரப்பர்த் தோட்டங்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே எழுந்து நிற்கும் சிதறால் குன்றின்மேல் ஏறிச் செல்வோர், பாறை முகத்தில் வரிசையாகச் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர்களையும், பாம்பின் படம் குடையாகக் கவிந்த பார்சுவநாதரையும் கண்டு வியந்து, அப்பாலுள்ள மலைத்தொடரின் காட்சியில் மனத்தைப் பறிகொடுத்துத் திரும்பிவிடுவது வழக்கம். அவ்வரிசையிலேயே அம்பிகை என்னும் யட்சியின் உருவமும் இருக்கிறது. நேமிநாதரின் பரிவார தேவதையாகச் சமண சாஸ்திரங்கள் கூறும் இவள், இங்கே சிங்கத்தோடும் இரண்டு சிறு பிள்ளைகளோடும் நிற்கிறாள். துறவிக்கு அன்னமிட்ட குற்றத்துக்காகக் கணவனால் வெளியேற்றப்பட்டு, மக்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு வீட்டைவிட்டு நடந்தவள் என்பது இவளுடைய புராணம். துறவையே தலையாய அறமாகக் கொண்ட ஒரு சமயம், தன் முனிவர்கள் கற்படுக்கையில் கிடந்து தவம் புரிந்த மலையில், பிள்ளைகளோடு நிற்கும் ஒரு தாய்க்கும் இடம் கொடுத்தது என்பதை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை. பிறவியிலேயே மூட்டுகள் இறுகிப் பிறந்த குழந்தைகளை இப்பகுதி மக்கள் எவ்வாறு வளர்த்து வந்தார்கள் என்று ஆராயப் புகுவோனுக்கு, அரசர்களின் சாசனங்களைவிட இந்தத் தாயின் உருவமே தக்க தொடக்கம் என்பது என் அபிப்பிராயம்.

இங்கே ஒரு சிறு விளக்கம். கன்னியாகுமரி மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்று சொல்லிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கண்டிப்பாகப் பார்த்தால் தோவாளையும் அகஸ்தீஸ்வரமுமே நாஞ்சில் நாடு. சிதறால் இருக்கும் விளவங்கோடு வேறு மண், வேறு பேச்சு. ஆயினும் 1956 நவம்பர் 1ஆம் தேதி வரையில் எல்லாம் தென் திருவிதாங்கூராகவே இருந்தமையாலும், நோயாளிக்கும் வைத்தியனுக்கும் தாலுகா எல்லை ஒரு பொருட்டன்று ஆதலாலும், நான் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

சமணர் வாழ்ந்த நாளில் சிதறால் குன்றுக்குத் திருச்சாரணத்து மலை என்று பெயர். ஆய் குலத்து விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் பொறித்த கல்வெட்டு, அரட்டனேமி படாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்திகள் இங்குள்ள படாரியார் என்னும் பெண்தெய்வத்துக்குப் பொன்னாலான காணிக்கை அளித்ததைக் கூறுகிறது. குரத்தியர் என்போர் சமணத்தில் ஆசிரியைகளாக விளங்கிய பெண் துறவிகள். சமணர் போற்றிய தானங்கள் நான்கு: ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம். பசித்தவனுக்குச் சோறு, அஞ்சி வந்தவனுக்குப் புகலிடம், பிணியாளனுக்கு மருந்து, மாணாக்கனுக்குக் கல்வி. சிதறாலில் இன்ன மருந்து கொடுத்தார்கள் என்று கல்லில் எழுதி வைக்கவில்லைதான். எனினும் மருந்தைத் தானங்களுள் ஒன்றாக எண்ணிய ஒரு கூட்டம் நூற்றாண்டுக்கணக்கில் இம்மலையைத் தன் இருப்பிடமாகக் கொண்டிருந்தது. பின்னர் 13ஆம் நூற்றாண்டளவில் மலைமேலிருந்த கோயில் பகவதிக்கு உரியதாயிற்று. அடிவாரத்து மக்கள் தங்கள் குழந்தைகளின் பிணிகளை அதே மலைக்குத் தொடர்ந்து சொல்லி வந்தார்கள்.

சமண சித்தாந்தத்தில் நம் விஷயத்தை நேரே தொடும் பகுதி ஒன்று உண்டு. உடலின் அமைப்பைத் தீர்மானிப்பது நாம கர்மம் என்று அவர்கள் வகுத்தார்கள். அதன் உட்பிரிவாக, எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் உறுதியைச் சம்ஹனனம் என்று ஆறு வகையாகவும், உடலின் வடிவத்தைச் சம்ஸ்தானம் என்று ஆறு வகையாகவும் பிரித்தார்கள். வைரம்போல் இறுகப் பூட்டிய மூட்டு ஒரு முனையில். தளர்ந்து பேருக்கு ஒட்டியிருக்கும் மூட்டு மறுமுனையில். வடிவத்திலோ, எல்லா அங்கங்களும் அளவொத்து அமைந்தது முதலாவது. கூன் ஒன்று, குறள் ஒன்று. எந்த அளவுக்கும் அடங்காத உடல் கடைசியது. மூட்டைப் பற்றி இத்தனை நுணுக்கமாகச் சிந்தித்த வேறொரு சமயத்தை நான் அறியேன். முன்வினையைக் காட்டிக் குழந்தையின் ஊனத்துக்குக் காரணம் சொல்வது இக்காலத்துக் காதுக்குக் கடுமையாகவே ஒலிக்கும். ஆனால் அதில் ஒரு நியாயமும் இருந்தது: வினை அக்குழந்தையின் உயிருக்கு உரியதே ஒழியத் தாயின் குற்றமாக எண்ணப்படவில்லை. பிற்காலத்து ஊர்வழக்கு இந்த நியாயத்தை மறந்துவிட்டது.

நம்முடைய பழந்தமிழ்ப் புலவர்கள் இவ்விஷயத்தில் அத்தனை இரக்கம் காட்டினார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பிறவிக் குறைகளை எட்டாக எண்ணி, வடிவமற்ற பிண்டமாய்ப் பிறந்ததையும் கூனையும் குறளையும் அதில் சேர்த்து, அப்பிறவிகளால் பயனில்லை என்று முடித்துவிடுகிறார். அரசனுக்கு அறம் உரைக்க வந்த இடத்தில் சொன்னது என்று சமாதானம் சொல்லலாம்; ஆனாலும் சொன்னது சொன்னதே. இதற்கு நேர்மாறாக, குழந்தை வைத்தியத்துக்கென்றே ஏற்பட்ட காசியப சம்ஹிதை, ஓராண்டு நிரம்பியும் நடவாத பிள்ளையின் நோயைப் பக்க ரோகம் என்று பெயரிட்டு, மருந்தும் எண்ணெயும் கூறியதோடு நில்லாமல், அப்பிள்ளை பிடித்து நடந்து பழக மூன்று சக்கரமுள்ள சிறு ரதம் ஒன்றைச் செய்து கொடுக்கவும் விதிக்கிறது. பட்டினப்பாலையில் பூம்புகார்ச் சிறார்கள் குதிரை பூட்டாமல் உருட்டித் திரியும் மூன்று கால் சிறுதேரும், நம் வீடுகளில் தச்சர் செய்து தரும் நடைவண்டியும் இதே இனத்தவையே. ஊனமில்லாத குழந்தைக்கு விளையாட்டாக இருந்த பொருளையே ஊனமுற்ற குழந்தைக்கு மருந்தாக்கிய வைத்தியனின் புத்தியை எத்தனை பாராட்டினாலும் தகும்.

நூல்களை விட்டு வீட்டுக்குள் வருவோம். தென் திருவிதாங்கூரில் பிள்ளை பிறந்த வீட்டின் அதிகாரம் சில வாரங்களுக்கு வயத்தாட்டி என்னும் மருத்துவச்சியின் கையில் இருந்தது. தேங்காய்ப் பாலைக் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெயைக் குழந்தையின் உடம்பெங்கும் பூசி, நீட்டிய கால்களின்மீதோ கமுகம் பாளையிலோ கிடத்தி, வெந்நீர் வார்த்து, மூக்கையும் தலையையும் உருட்டி வடிவு செய்து, வலக்கையை இடக்காலோடும் இடக்கையை வலக்காலோடும் சேர்த்து மடக்கி நீட்டி விடுவது அவளுடைய நித்திய கருமம். மூட்டு இறுகிப் பிறந்த பிள்ளையை முதன்முதலில் அறிந்துகொண்டவளும் பெரும்பாலும் அவளாகவே இருந்திருப்பாள். முழங்கை நீண்டபடியே நிற்கும், மடங்காது. மணிக்கட்டு உள்நோக்கி வளைந்து, கட்டைவிரல் உள்ளங்கையில் ஒடுங்கியிருக்கும். தோள்கள் உட்புறம் திரும்பி, பாதங்கள் உள்வளைந்து கிடக்கும். மடிப்பு விழ வேண்டிய இடத்தில் தோல் மழமழவென்று இருக்கும். ஆனால் முகம் தெளிவாக இருக்கும்; கண் விளக்கைத் தொடரும்; பால் குடிக்கும். இந்த முரண்பாடு அவளைத் திகைக்க வைத்திருக்க வேண்டும்.

அடுத்தபடியாகப் பிள்ளையை வர்ம வைத்தியராகிய ஆசானிடம் கொண்டுபோவார்கள். வர்ம வைத்தியத்துக்கு இம்மாவட்டம் தாய்வீடு என்றால் மிகையாகாது. அகத்தியர் பெயரால் வழங்கும் ஏட்டுச் சுவடிகளைப் பரம்பரையாகக் காத்து, படுவர்மம் 12, தொடுவர்மம் 96 ஆக 108 என்று கணக்கிட்டு, களரியில் அடிக்கவும் அடிபட்டவனை இளக்கவும் ஒரே கையால் கற்ற குடும்பங்கள் இங்கே பல. காயத்திருமேனி எண்ணெயின் புகழ் இன்றும் குன்றவில்லை. முறிந்த எலும்பைச் சேர்த்து மூங்கிற் சிம்பு வைத்துக் கட்டுவதிலும், பிசகிய தோளை ஏற்றுவதிலும் ஆசான்மார் காட்டிய திறமையை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆயினும் ஒரு வேற்றுமையைச் சொல்லியாக வேண்டும். விழுந்து பிசகிய மூட்டு முன்பு சரியாக இருந்த மூட்டு. அதன் பழைய நிலை ஆசானுடைய விரலுக்குத் தெரியும், அங்கே திருப்பிக் கொண்டுபோய் விடுவார். கருவிலேயே இறுகிய மூட்டுக்குத் திரும்பிப் போவதற்குப் பழைய நிலை என்று ஒன்று இல்லை. அனுபவம் மிகுந்த ஆசான் இதை உணர்ந்து, எண்ணெயிட்டு நாள்தோறும் சிறிது சிறிதாகத் தடவச் சொல்லித் தாயிடமே வேலையை ஒப்படைத்துவிடுவார். அவசரக்காரரோ ஒரே மூச்சில் இழுத்து நிமிர்த்தப் பார்ப்பார். இப்பிள்ளைகளின் எலும்பு அசைவின்மையால் வலுக்குறைந்து இருப்பது. பலவந்தம் செய்தால் முறிந்துபோகும். அன்றைய துயரங்களுள் எத்தனை பிறவியால் வந்தவை, எத்தனை வைத்தியத்தால் வந்தவை என்று பிரித்தறிய இன்று வழியில்லை.

வைத்தியம் பலியாத இடத்தில் நேர்ச்சை தொடங்கிற்று. மண்டைக்காட்டு பகவதிக்குத் தலைவலிக்காக மண்டையப்பம் படைப்பவர்கள், கை கால் நோவுக்கு அவ்வவ்வுறுப்பின் உருவைக் காணிக்கையாக நேர்ந்தார்கள். கொல்லங்கோட்டுப் பத்திரகாளி கோயிலின் தூக்கத் திருவிழாவில், தேரின் நீண்ட வில்லில் பிணைக்கப்பட்ட தூக்கக்காரர் பச்சிளங்குழந்தையைக் கையில் ஏந்தி அந்தரத்தில் கோயிலை வலம் வருவதை இன்றும் மீன மாதத்தில் காணலாம். கோட்டாற்றுச் சவேரியார் கோயிலிலும் இவ்வகை வேண்டுதல்களுக்குக் குறைவில்லை. இவற்றை நான் பரிகசிக்க மாட்டேன். கையிலிருந்த உபாயங்களெல்லாம் தீர்ந்த பெற்றோருக்கு ஏதேனும் செய்துகொண்டிருக்க வேண்டியிருந்தது. பரிகசிக்கத் தக்கது, இல்லை, கண்டிக்கத் தக்கது மற்றொன்று. “கிரகணத்தன்னைக்கு வெளியே எறங்கினியாட்டீ?” என்று பெற்றவளைப் பார்த்துக் கேட்ட ஊர்வாய். கிரகணத்தில் காய் நறுக்கினாள், கயிற்றை முறுக்கினாள், ஆகவே பிள்ளை முறுக்கிக்கொண்டு பிறந்தது என்னும் இந்த நியாயசாஸ்திரத்தைச் சமண முனிவர்களும் சொல்லவில்லை, காசியபரும் சொல்லவில்லை. எங்கிருந்தோ முளைத்து, பிள்ளையைச் சுமந்தவளின் தலையிலேயே பழியையும் சுமத்திவிட்டது.

மேல்நாட்டு வைத்தியம் இங்கே வந்த வரலாறு நெய்யூரில் தொடங்குகிறது. 1838இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் ராம்சே அங்கு வைத்தியப் பணியைத் துவக்கினார். பின்னர் வந்த சார்லஸ் லீச் 1854இல் கடலில் மூழ்கி இறந்தார். 1861இல் வந்த ஜான் லோ உள்ளூர் வாலிபர்களுக்கே வைத்தியம் பயிற்றினார். 1922இலும் 1924இலும் எவரெஸ்டு சிகரம் ஏற முயன்ற குழுவினருள் ஒருவரான ஹோவர்ட் சாமர்வெல், நெய்யூர் ஆஸ்பத்திரியின் வாசலில் காத்துக் கிடந்த கூட்டத்தைக் கண்டு, லண்டனில் தமக்குக் காத்திருந்த உத்தியோகத்தைத் துறந்து இங்கேயே தங்கிவிட்ட கதையை இவ்வட்டாரத்துப் பெரியவர்கள் எல்லாரும் அறிவர். வயிற்றுப் புண்ணுக்கும் புற்றுக்கும் நெய்யூர் பெயர் பெற்றது. நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் காதரின் பூத் ஆஸ்பத்திரியும் சேர்ந்துகொண்டது. கத்திக்கு அடங்கும் நோய்கள் அங்கே குணமாயின. மூட்டு இறுகிய குழந்தைக்கோ, கத்தியால் மட்டும் ஆகும் காரியம் அன்றும் சொற்பம், இன்றும் சொற்பம்.

இந்நோயைப் பற்றிய மேல்நாட்டு அறிவே அன்று குழந்தைப் பருவத்தில்தான் இருந்தது. 1841இல் ஓட்டோ என்னும் ஜெர்மானியர் இப்படிப் பிறந்த சிசு ஒன்றை வர்ணித்தார். 1923இல் அமெரிக்கரான ஸ்டர்ன், ஆர்த்ரோகிரைபோசிஸ் என்று சுருக்கமாக வழங்கும் நீண்ட பெயரை முழுதாக இட்டார். சுமார் 3,000 முதல் 5,000 பிரசவங்களுக்கு ஒன்று என்ற கணக்கில் காணப்படும் இந்நிலை ஒரே நோயன்று. பல நூறு காரணங்களின் பொதுவான விளைவு. கரு அசைவதால்தான் மூட்டு மூட்டாக உருவாகிறது. நரம்பிலோ தசையிலோ கோளாறு நேர்ந்து, அல்லது கருப்பையில் இடம் குறைந்து, அந்த அசைவு நின்றுபோனால் மூட்டைச் சூழ்ந்த தசைநார்கள் குறுகி இறுகிவிடுகின்றன. மிகுதியாகக் காணப்படும் வகையில் அறிவுக்கு எவ்விதக் குறையும் இல்லை. பிறந்த பின் இறுக்கம் புதிதாகப் பரவுவதும் இல்லை. பெரும்பாலும் அது பரம்பரையாக வருவதும் அன்று.

இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிரியமான அத்தியாயம் வேலூரைச் சேர்ந்தது. 1914இல் நம் கொல்லிமலையில் மிஷனரித் தம்பதியருக்குப் பிறந்த பால் பிராண்டு, லண்டனில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டெனிஸ் பிரவுன் என்னும் நிபுணரிடம் வளைபாதத்துக்குச் சிகிச்சை பழகி, 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். குஷ்டரோகிகளின் கைகளைச் சீர்படுத்தியதற்காகவே உலகம் அவரை அறியும். ஆனால் வளைபாதக் குழந்தைகளிடம் அவர் கற்ற பாடம் அதற்குச் சற்றும் குறைந்ததன்று. இங்கிலாந்தில் பலவந்தமாக நிமிர்த்தப்பட்ட பாதங்கள் பார்வைக்கு நேராக இருந்தாலும் உள்ளே தழும்பேறி விறைத்திருந்தன. இந்தியாவில் யாதொரு சிகிச்சையும் பெறாமல் வளர்ந்தவர்களின் பாதங்களோ கோணலாயிருந்தும் மென்மை மாறாமல் இருந்தன. அப்படியானால் கேட்டை விளைவித்தது நோயா, வைத்தியனின் கையா என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். அதன் பயனாக ஒரு விநோதமான முறையைக் கைக்கொண்டார். குழந்தையைப் பசியோடு கொண்டுவரும்படி தாயிடம் சொல்வார். அவள் எதிரே அமர்ந்து பாலூட்டத் தொடங்கியதும், இவர் பாதத்தைக் கையில் எடுத்து, மெல்ல மெல்ல நேர்நிலைக்குத் திருப்பி மாவுக்கட்டுப் போடுவார். குழந்தை பாலைக் குடித்துக்கொண்டிருக்கும் வரையில் சரி. முலையை விட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பிப் பார்த்தாலோ அழுதாலோ எல்லை கடந்துவிட்டது என்று பொருள். உடனே கையைத் தளர்த்திவிடுவார். எத்தனை கருவிகள் வந்த பின்னும் இதைவிடச் சிறந்த அளவுகோல் ஒன்று ஏற்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அதே 1914இல் ஸ்பெயின் தேசத்து மினோர்க்கா தீவில் பிறந்து, அமெரிக்காவில் அயோவா நகரத்தில் பணிபுரிந்த இக்னேசியோ பொன்செட்டி என்பவரும், வாரந்தோறும் மாவுக்கட்டை மாற்றி, சிறிது சிறிதாகத் திருப்பி, முடிவில் குதிநாண் ஒன்றை மட்டும் சிறு கீறலால் விடுவிக்கும் முறையை வகுத்து 1963இல் வெளியிட்டார். சகாக்கள் அதை ஏறெடுத்துப் பார்க்க ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் பெரிய அறுவைகளே நாகரிகமாக விளங்கின. இன்று உலகெங்கும் கையாளப்படுவது பொன்செட்டியின் முறையே. சாதாரண வளைபாதத்துக்கு ஐந்தாறு கட்டுகள் போதும். மூட்டுகள் பலவும் இறுகிய பிள்ளைக்கு அதைவிட மிகுதியாக வேண்டும், பாதம் மறுபடியும் வளைவதும் உண்டு.

இளம்பிள்ளை வாதம் மலிந்திருந்த காலத்தில் கால் வளைந்த பிள்ளையெல்லாம் போலியோப் பிள்ளையாகவே எண்ணப்பட்டது. 2014 மார்ச்சில் தேசம் அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்ட பிறகும், பிறவி மூட்டு இறுக்கத்தைப் பார்த்து “சொட்டு மருந்து கொடுக்கவில்லையா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கிரகணத்தின் இடத்தில் சொட்டு மருந்து வந்து அமர்ந்துகொண்டது. கேள்வியைச் சந்திக்கிறவள் அதே தாய்தான்.

அவளுடைய நாளைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் ஒவ்வொரு மூட்டாக மெல்ல நீட்டிப் பிடித்து விடுவிக்கிறாள். இரவில் மணிக்கட்டுக்கும் பாதத்துக்கும் தாங்கு பட்டை கட்டுகிறாள். நடுநிசியில் தோல் சிவந்திருக்கிறதா என்று அவிழ்த்துப் பார்க்கிறாள். கை தலைக்குமேல் உயராததால் சட்டையைப் பக்கவாட்டில் பிரித்து நாடா வைத்துத் தைக்கச் சொல்கிறாள். முழங்கை மடங்காத பிள்ளைக்குச் சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதே பெரிய பிரயாசை. சம்மணமிட்டுத் தரையில் உட்கார்ந்து இலையில் உண்ணும் நம் வழக்கம் அதற்கு ஒத்துவராது. ஆகவே திண்ணையின் விளிம்பிலோ மேசையின் ஓரத்திலோ முன்கையை ஊன்றி, உடம்பை முன்னே சாய்த்து, கையைத் தானே மேலெழச் செய்து கவளத்தை வாங்கிக்கொள்ளும் வித்தையைப் பிள்ளை கண்டுபிடிக்கிறது. யாரும் கற்பித்ததன்று. பென்சிலை இரண்டு கைகளுக்கும் நடுவே இடுக்கி எழுதுகிறது. பொத்தானைப் பல்லால் இழுக்கிறது. எழுந்து நடக்குமுன் அமர்ந்தபடியே வீடெங்கும் நகர்ந்து திரிகிறது. இப்பிள்ளைகளை வளர்ப்பதில் மிகக் கடினமான கலை, உதவி செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பது என்று அனுபவமுள்ள தாய்மார்கள் சொல்வதுண்டு.

2013இல் தொடங்கிய ராஷ்டிரிய பால சுவாஸ்திய திட்டத்தின்படி வளைபாதமும் பிறவி இடுப்பு மூட்டு விலகலும் இலவசமாகக் கண்டறிந்து சிகிச்சை செய்ய வேண்டிய குறைகளுள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பிறவி மூட்டு இறுக்கத்தின் பெயர் அப்பட்டியலில் தனியே இல்லை. ஆயினும் இப்பிள்ளைகளுள் பலருக்குப் பாதமும் இடுப்புமே முதற்கண் கவனிக்க வேண்டியவை ஆதலால் அந்த வாசல் இவர்களுக்கும் திறந்ததே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும்.

சிதறால் சுற்றுவட்டாரத்து வாசகர் எவருடைய வீட்டிலேனும் கை கால் மடங்காத குழந்தை பிறக்குமாயின், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறெங்கேனுமோ உள்ள எலும்பு மருத்துவரிடம் முதல் வாரத்திலேயே காட்டிவிடுங்கள். திசுக்கள் இளகிக் கொடுக்கும் காலம் அதுவே. அதுவரையில் வயத்தாட்டியாயினும் பாட்டியாயினும் மூட்டை இழுத்து நிமிர்த்த விடாதீர்கள். மருத்துவர் காட்டித் தரும் நீவலை வீட்டிலுள்ள ஆண்களும் கற்றுக்கொண்டு முறை போட்டுச் செய்யுங்கள். அந்த வேலை ஆண்டுக்கணக்கில் நீளும், ஒருத்தியால் முடியாது.